பம்ப் கொடுத்தால் பூஞ்சணம் போகுமா?

ரொறன்ரோவின் கிழக்கே எங்கள் ஸ்காபரோவில் இலையுதிர்காலம் தொடங்கினால் நிதி சேர்க்கும் இராவிருந்துகளும் தொடங்கிவிடும். மருத்துவமனைக்கு, பல்கலைக்கழகத்துக்கு, ஊரில் படித்த பள்ளிக்கூடத்துக்கு என்று ஏதோ ஒன்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கு 30 இலட்சம் டொலர் சேர்த்துக் காட்டியவர்கள் நாங்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, என்னால் இயன்றதை நானும் கொடுத்தேன். ஆனால் ஒரு கேள்வி. வாடகைக்கு இருக்கும் ஒரு புதுக் குடும்பம், "பிள்ளைக்கு இரவெல்லாம் இழுக்கிறது, சுவர் முழுக்கப் பூஞ்சணம், வீட்டுக்காரர் ஃபோன் எடுக்கிறார் இல்லை" என்று வந்து நின்றால், அவர்களோடு கூடப் போவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் ஒரு தமிழ் அமைப்பின் பெயரை எத்தனை பேரால் உடனே சொல்ல முடியும்?

நான் அவ்வப்போது ஆட்களுக்கு மொழிபெயர்ப்புக்குப் போவதுண்டு. போன குளிர்காலத்தில் அப்படி ஒரு குடும்பம். பேஸ்மென்ட்டில் ஒரு அறை, ஒரு சின்னக் குசினி, கையகலத்தில் இரண்டு ஜன்னல். பிள்ளைக்குத் தொய்வு, அதாவது ஆஸ்துமா. வோக்-இன் கிளினிக்கில் மருந்தை உள்ளிழுக்கிற பம்ப் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு ஓர் இரவு எமர்ஜென்சிக்கு ஓடினார்கள், அங்கேயும் நல்ல கவனிப்பு, இன்னொரு பம்ப். வீட்டில் பூனை நாய் உண்டா, யாராவது புகைப்பார்களா என்று கேட்டவர்கள் சுவரைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டாலும் அந்த டொக்டரால் என்ன செய்ய முடியும்? சுவருக்கு மருந்து எழுத முடியாதே. வீட்டுக்காரரோ, "நீங்கள் நாள் முழுக்கச் சோறும் கறியும் அவிக்கிறீர்கள், அதுதான் ஈரம்" என்று சொல்லிவிட்டாராம். அவரும் தமிழர்தான். மேல்மாடியில் அவருடைய வீட்டிலும் அதே சோறும் கறியும்தான் வேகிறது.

இந்தப் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சு மட்டுமில்லை. இங்கிலாந்தில் ரொச்டேல் என்ற இடத்தில், சூடானிலிருந்து வந்த ஒரு குடும்பம் சமூக வீடமைப்பு நிறுவனத்தின் வீட்டில் இருந்தது. தகப்பன் 2017இலேயே பூஞ்சணம் பற்றி முறையிட்டார். மேலே பெயின்ற் அடிக்கச் சொன்னார்கள். 2020 டிசம்பரில் அவருடைய மகன் அவாப் இஷாக் இறந்துபோனான். இரண்டாவது பிறந்தநாள் முடிந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. வீட்டுப் பூஞ்சணத்தில் நீண்டகாலம் கிடந்ததுதான் மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அந்த நிறுவனம் அதுவரை என்ன நினைத்திருந்தது தெரியுமா? அவர்கள் குளிக்கிற விதத்தால்தான் ஈரம் வருகிறது என்று. அந்தப் பிள்ளையின் பெயரில் இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. 2025 ஒக்டோபரிலிருந்து இங்கிலாந்தின் சமூக வீடுகளில், உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் செயல்பட வேண்டும், பெரிய அளவில் ஈரமும் பூஞ்சணமும் என்று முறைப்பாடு போனால் பத்து வேலை நாட்களுக்குள் வந்து பார்க்க வேண்டும். என்னைக் குடைவது வேறொன்று. அந்தக் குடும்பத்துக்குச் சுகாதார ஊழியர் இருந்தார், அவர் வீட்டு நிறுவனத்துக்குக் கடிதமும் எழுதினார். வழக்கறிஞரையும் பிடித்தார்கள். ஆனால் வழக்கு என்று வந்ததும், அது முடியும்வரை திருத்த வேலையில் கைவைக்கக்கூடாது என்று அந்த நிறுவனம் ஒரு வழக்கம் வைத்திருந்தது. சுகாதாரம் ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். மூன்றையும் ஒன்றாகப் பிடித்து இழுக்க ஒருவரும் இருக்கவில்லை.

பொஸ்ரனில் பரி சக்கர்மன் என்ற குழந்தை மருத்துவர் இதை 1993இலேயே கண்டுகொண்டார். மருந்து கொடுத்து அனுப்பிய பிள்ளைகள் அதே வீட்டுக்குத் திரும்பிப் போய், அதே நோயோடு திரும்பவும் வந்தார்கள். அவர் செய்தது ஒன்றுதான்: நகர மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலேயே ஒரு வழக்கறிஞரை வேலைக்கு வைத்தார். டொக்டரின் கடிதத்தைக் குப்பையில் போடுகிற வீட்டுக்காரர் வழக்கறிஞரின் கடிதத்தைப் பிரித்துப் படிப்பார், அவ்வளவுதான் சூட்சுமம். இன்று அமெரிக்கா முழுக்க அந்த முறை பரவியிருக்கிறது. எங்கள் நகரத்திலும் இல்லாமலில்லை. சிக்கிட்ஸ் குழந்தைகள் மருத்துவமனையில் இலவச வழக்கறிஞர் திட்டம் உண்டு, டவுன்டவுனில் சென் மைக்கேல்ஸ் மருத்துவமனையின் குடும்ப மருத்துவக் குழுவோடு சட்ட உதவி மையங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஆனால் இரண்டும் டவுன்டவுனில். ஸ்காபரோவில் மோர்னிங்சைட் பக்கத்தில் இரவு வேலை செய்துவிட்டு வருகிற தாய், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி மாறி அங்கே போய்ச் சேருவாரா?

ஸ்காபரோவில் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். காப்பீடு இல்லாதவர்களையும் பார்க்கிற சமூகச் சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. அங்கே டொக்டருக்குச் சம்பளம், ஆகவே ஒரு நோயாளிக்கு இத்தனை நிமிடம் என்ற ஓட்டம் குறைவு. டொக்டர் போல் கோல்ஃபோர்ட் தாதியரோடு சேர்ந்து தொடங்கிய தன்னார்வ கிளினிக், அகதிகளையும் சுகாதார அட்டை இல்லாதவர்களையும் இருபது வருடங்களுக்கு மேலாகப் பார்த்து வருகிறது. புதிதாக வருபவர் ஒன்ராறியோ மாகாணத்தின் மருத்துவக் காப்பீடான ஓஹிப்புக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்ற 1994ஆம் ஆண்டு விதியை 2020 மார்ச்சில், கொரோனா நேரத்தில் எடுத்தார்கள், அதுவும் நல்லது. ஆனால் அதே நேரத்தில் கொண்டுவந்த இன்னொரு ஏற்பாடு, காப்பீடே இல்லாதவர்களின் மருத்துவமனைச் செலவை மாகாணம் ஏற்பது, 2023 மார்ச் 31 உடன் நின்றுபோனது. காப்பீடே இல்லாமல் இங்கே நிற்பவர்களின் பாடு திரும்பவும் பழையபடிதான். சட்டப் பக்கம் பார்த்தால், மாகாண அரசு 2019இல் சட்ட உதவிப் பணத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தை ஒரே வெட்டாக வெட்டியது. வாடகைக்காரர்களுக்காக நிற்கிற சமூகச் சட்ட மையங்கள் இருப்பது அந்தப் பணத்தில்தான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? காகிதத்தில் பார்த்தால் எங்களுடைய சட்டம் மோசமில்லை. குளிர்காலத்தில் வீட்டில் குறைந்தது 21 பாகை இருக்க வேண்டும், இல்லையென்றால் நகரசபையின் 311 எண்ணுக்கு அடிக்கலாம். திருத்த வேலை செய்யாவிட்டால், வீட்டுக்காரர் வாடகைக்காரர் தகராறுகளை விசாரிக்கிற மாகாண வாடகை வாரியத்துக்கு ரி-6 என்ற விண்ணப்பம் போடலாம், ஆனால் ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். "எனக்கு வீடு வேண்டும்" என்று வீட்டுக்காரர் என்-12 நோட்டீஸ் தந்தாலும், வாரியம் உத்தரவு போடும்வரை நீங்கள் எழும்பத் தேவையில்லை. உங்களை வெளியே போடுகிற அதிகாரம் ஷெரிஃப் என்ற நீதிமன்ற அதிகாரிக்கு மட்டும்தான், வீட்டுக்காரரின் மச்சானுக்கு இல்லை. முதலும் கடைசியும் என்று இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்பதும் சட்டத்தில் இல்லை. கிரெடிட் இல்லை என்று சொல்லிப் புதிதாக வந்த பிள்ளைகளிடம் ஆறு மாத வாடகையைக் கையில் கேட்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாக வாசிக்கவும்.

ஆனால் பேஸ்மென்ட் என்று வரும்போது இந்தச் சட்டங்களில் பாதி வழுக்கி விழுந்துவிடும். நகரசபை தானாக வந்து கட்டடங்களைச் சோதிக்கிற ரென்ற்சேஃப் திட்டம், குறைந்தது மூன்று மாடியும் பத்து வீடும் உள்ள கட்டடங்களுக்கு மட்டும்தான். குசினியையோ குளியலறையையோ வீட்டுக்காரரோடு பகிர்ந்தால் வாடகைச் சட்டமே பொருந்தாது. அனுமதி எடுக்காத பேஸ்மென்ட் என்றாலும் சட்டம் உங்களைக் காக்கும், அது நிறையப் பேருக்குத் தெரியாது. ஆனால் நகரசபை ஆள் வந்து பார்த்தால், இதில் ஆள் இருக்கவே கூடாது என்று எழுதிவிட்டுப் போகவும் கூடும். அப்போது உரிமையும் கையில், பெட்டியும் கையில். நான் மொழிபெயர்ப்புக்குப் போன அந்தக் குடும்பத்தின் தாய், "அண்ணை, வேண்டாம், விடுங்கோ. எழும்பச் சொன்னால் நாங்கள் எங்கே போறது?" என்றுதான் சொன்னார். அவருக்குச் சட்டம் தெரியாமலில்லை. கணக்குப் பார்த்துத்தான் சொன்னார்.

வாரியத்துக்குப் போனாலும் உடனே ஒன்றும் நடக்காது. அரசு அமைப்புகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கிற ஒன்ராறியோ ஒம்பட்ஸ்மன் 2023இல் வெளியிட்ட அறிக்கையில், அங்கே தேங்கிக் கிடந்த விண்ணப்பங்கள் 38,000க்கு மேல். விசாரணை இப்போது இணையத்தில்தான், தமிழ் மொழிபெயர்ப்பாளரை நீங்களே கூட்டிக்கொண்டு வர வேண்டும். ஃபோனில் டேற்றா முடிந்தால் வழக்கும் முடிந்தமாதிரி.

இனி ஒருவரும் மேடையில் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆட்களில் வாடகைக்கு இருப்பவரும் தமிழர், வாடகைக்கு விடுபவரும் தமிழர், இடையில் நிற்கிற ஏஜென்ட்டும் தமிழர். இராவிருந்தில் முன்வரிசை மேசை வாங்குபவர்களிலும், விழா மலரில் முழுப்பக்க விளம்பரம் போடுபவர்களிலும் வீடு, மோட்கேஜ் தொழிலில் இருப்பவர்கள்தான் அதிகம். அவர்கள் தரும் பணத்தில் ஓடும் அமைப்பு, அவர்களில் ஒருவருக்கு எதிராக ஒரு குடும்பத்தை வாரியத்துக்குக் கூட்டிக்கொண்டு போகுமா? அதனால்தான் எங்கள் சுகாதார நிகழ்ச்சிகள் எல்லாம் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், யோகா என்று பாதுகாப்பான பக்கத்திலேயே சுற்றுகின்றன. சோறைக் குறை, நட என்று சொன்னால் எந்த ஸ்பொன்சரும் கோபிக்க மாட்டார். இதைச் சொன்னதற்காக இரண்டு மூன்று பேர் என்னை நட்புப் பட்டியலிலிருந்து எடுக்கக்கூடும், பரவாயில்லை.

வீட்டுக்காரர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 2022க்குப் பிறகு வட்டி ஏறிய வேகத்தில், இரண்டு வேலை செய்து வீடு கட்டிக் காக்கிற எத்தனையோ பேர் பேஸ்மென்ட் வாடகையை நம்பித்தான் மூச்சு விடுகிறார்கள். அவர்களில் பலருக்கு நல்ல காற்றாடி பூட்டவும் நீர்க்கசிவைத் திருத்தவும்கூடக் காசு இல்லை. ஆனால் அதற்காகப் பூஞ்சணத்தைப் பிள்ளையின் நெஞ்சில் கட்ட முடியாது. அவர்களுக்கும் உதவி தேவை என்றால் அதையும் வெளிப்படையாகப் பேசுவோம். சின்னத் திருத்த வேலைகளுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிற ஒரு சமூக நிதியை நாங்கள் தொடங்கினால் நானே முதல் ஆளாகக் காசு போடுவேன். ஊரில் சீட்டுப் பிடித்து வீடு கட்டிய ஆட்களுக்கு இது ஒரு பெரிய வித்தையா?

அரசு மானியத்திலும் ஒரு கோளாறு. பணம் தருபவர் கேட்பது, எத்தனை பட்டறை நடத்தினீர்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று. நாற்பது பேரை ஒரு மண்டபத்தில் இருத்தி வடையும் தேநீரும் கொடுத்து, வாடகைக்காரர் உரிமைகள் என்று படம் போட்டுக் காட்டினால் அறிக்கையில் நாற்பது என்று எழுதலாம். ஒரே குடும்பத்தோடு கிளினிக், நகரசபை, வாரியம் என்று மாதக்கணக்கில் அலைந்தால் எழுதக்கூடியது ஒன்று. எந்த முகாமையாளர் எதைத் தெரிவு செய்வார்? ஆனால் பயன் வந்தது அந்த ஒன்றில்தான். பட்டறைக்கு வந்த நாற்பது பேரும் துண்டுப்பிரசுரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அதே பேஸ்மென்ட்டுக்குத்தான் போனார்கள்.

ஆகவே இந்த வருடம் இராவிருந்து அழைப்போடு வருபவர்களிடம் நான் ஒன்றைத்தான் கேட்கப் போகிறேன். புதுக் கட்டடப் பகுதிக்கும் பெயர்ப்பலகைக்கும் போகிற பணத்தில் ஒரு பங்கை எடுத்து, ஸ்காபரோவில் ஏற்கெனவே இருக்கிற ஒரு சமூகச் சுகாதார நிலையத்துக்கு, தமிழ் பேசுகிற ஒரு வாடகை உதவியாளரின் முழுநேரச் சம்பளமாகக் கொடுப்பீர்களா? அதே நிலையத்தில், தாதியின் அறைக்கு அடுத்த அறையில் அவர் இருக்க வேண்டும். தொய்வுப் பிள்ளை வந்தால் தாதி கதவைத் தட்டி, "இவர்களின் வீட்டைக் கொஞ்சம் பாருங்கோ" என்று கையைப் பிடித்து ஒப்படைக்க வேண்டும். புதிய தமிழ் அமைப்பு ஒன்றைத் தொடங்க வேண்டாம், எங்களிடம் போதுமான அளவு தலைவர்கள் இருக்கிறார்கள். ஸ்பொன்சர் கோபிப்பார் என்ற பயம் இல்லாத ஓர் இடத்தில் அந்த ஆள் இருந்தால்தான் வேலை நடக்கும்.

அதுவரைக்கும் நாங்கள் சில பேர் கூடப் போய்க்கொண்டிருக்கிறோம். சேர விருப்பமானவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். சட்டம் தெரிந்திருக்கத் தேவையில்லை, அதற்குச் சட்ட மையத்தில் ஆள் உண்டு. ஓரளவு ஆங்கிலமும், ஃபோனில் மணிக்கணக்காகக் காத்திருக்கிற பொறுமையும் இருந்தால் போதும். வார நாளில் பகலில் லீவு எடுக்க முடிந்தவர்களாக இருந்தால் இன்னும் நல்லது, வாரியம் சனி ஞாயிறில் விசாரணை வைப்பதில்லை.