அந்த நோட்டு எங்கே போகிறது?

எங்கள் தெருவுக்கு வாராவாரம் டெங்கு ஒழிப்புப் பணியாளர் ஒரு அம்மா வருவார். சின்டெக்ஸ் மூடியைத் தூக்கிப் பார்ப்பார், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டில் டார்ச் அடிப்பார், கொல்லையில் கிடக்கும் சிரட்டையைக் கவிழ்த்துவிட்டு அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். போன மாதம் அவரைத் தெருமுனை மழைநீர் வடிகாலுக்குக் கூட்டிப்போனேன். ஒரு பிளாஸ்டிக் கப்பில் மொண்டு வெயிலில் பிடித்துக் காட்டினார். புழு நெளிந்தது.

"தெரியும் சார். வாராவாரம் நோட்டுல எழுதிக் குடுக்கிறேன். மருந்து ஊத்துறாங்க, மறுபடி புழு வருது. வாட்டம் இல்லாமக் கட்டிட்டாங்க, தண்ணி எங்க போகும்?"

(சாக்கடைக் கொசு டெங்கு பரப்பாது என்று கமெண்டுக்கு ஓடி வராதீர்கள். மழை பெய்து நாலு நாள் தெளிந்து நிற்கிற தண்ணீர், டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான். மற்ற கொசு மட்டும் என்ன நமக்குச் சொந்தக்காரனா?)

அந்த நோட்டு சூப்பர்வைசரிடம் போகிறது. அங்கிருந்து சுகாதார ஆய்வாளர். அதற்குமேல் போனால் 'இத்தனை வீடு பார்த்தோம், இத்தனை லிட்டர் மருந்து' என்று ஒரு கணக்காகிவிடுகிறது. பொறியியல் பிரிவின் மேஜைக்கு அது போவதே இல்லை. அடுத்த வடிகாலுக்கு டெண்டர் விடும்போது நகர்மன்றத்தில் யாரும் அதைப் பிரித்துப் படிப்பதில்லை. என் ஆதங்கமே இதுதான். நகராட்சியில் சுகாதாரப் பிரிவு என்றால் மருந்தடிக்கிற பிரிவு என்று அவர்களும் நினைக்கிறார்கள், நாமும் நினைக்கிறோம். தெருத்தெருவாக உண்மையைச் சேகரிக்கிற ஒரே பிரிவு அதுதான். ஆனால் சட்டமோ திட்டமோ பட்ஜெட்டோ பேசுகிற இடத்தில் அதற்கு வாயில்லை.

வாய் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க் கதையைச் சொல்லலாம். 2002 முதல் 2009 வரை அந்த நகரத்தின் சுகாதார ஆணையர் தாமஸ் ஃப்ரீடன். அதற்கு முன் சில வருடங்கள் இந்தியாவில் காசநோய்த் திட்டத்தில் வேலை பார்த்தவர். ஓட்டல் சமையலறையைச் சோதிக்கப் போகிற இன்ஸ்பெக்டர்கள், எந்த எண்ணெய் என்பதையும் கூடவே குறித்துக்கொண்டு வந்தார்கள். ஏறக்குறையப் பாதி ஓட்டல்களில், வனஸ்பதி போன்றவற்றில் இருக்கிற, இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு. 2005-ல் 'நீங்களே நிறுத்திவிடுங்கள்' என்று பிரசாரம் செய்தார்கள். ஒரு வருடம் கழித்து மறுபடி கணக்கெடுத்தால் அதே பாதி! அந்தக் கணக்கை வைத்துத்தான் 2006 டிசம்பரில் நகரச் சுகாதார வாரியம் தடை விதித்தது. அமெரிக்கா முழுவதற்குமான தடை 2018-ல்தான் நடைமுறைக்கு வந்தது. நம் ஊர் வனஸ்பதிக்கு 2 சதவீதம் என்ற உச்சவரம்பு 2022-ல் வந்தது. அந்த நகரத்தை நகர்த்தியது பெரிய ஆராய்ச்சிக்கூடம் ஒன்றும் இல்லை, இன்ஸ்பெக்டர் கையில் இருந்த படிவம்தான்.

அதே வாரியம் சறுக்கியும் விழுந்தது. 16 அவுன்ஸுக்கு, அதாவது ஏறக்குறைய 470 மில்லிக்கு, மேற்பட்ட கோப்பையில் சர்க்கரை பானம் விற்கக் கூடாது என்று 2012-ல் விதி போட்டார்கள். இது நியமன வாரியம் முடிவெடுக்கிற விஷயமில்லை, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் வேலை என்று சொல்லி 2014-ல் அம்மாநிலத்தின் மிக உயர்ந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் தூக்கி எறிந்தது. நமக்கும் இது புதிதில்லை. 2013 முதல் இங்கே குட்கா தடையை வருடாவருடம் உணவுப் பாதுகாப்பு ஆணையரின் உத்தரவால்தான் நீட்டிக்கொண்டு வந்தார்கள். தற்காலிக அதிகாரத்தை வைத்து நிரந்தரத் தடை போட முடியாது என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்ததால் தடை தப்பியது.

ஆகவே சுகாதார அதிகாரியே சட்டம் போடட்டும் என்று நான் கேட்கவில்லை. சட்டம் போடுகிறவர்கள் முன்னால் எழுந்து நின்று பேசட்டும் என்கிறேன்.

தமிழ்நாட்டுக்கு இதற்கான அடித்தளம் புதிதாகப் போட வேண்டியதில்லை. பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்ககம் 1922-லிருந்து இருக்கிறது. ராஜாஜி அமைச்சரவை காலத்தில், 1939-லேயே, சென்னை பொது சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. எல்லா மாநிலங்களும் பொது சுகாதாரத்துக்குத் தனிப் பணியாளர் பிரிவு அமைக்க வேண்டும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னபோது, நம்மிடம் அது ஏற்கெனவே இருந்தது. எல்லாம் இருந்தும், கொசு வளர விட்டதாக நோட்டீஸ் வருவது வீட்டுக்காரனுக்குத்தான். நகராட்சி கட்டிய வடிகாலுக்கு யார் நோட்டீஸ் கொடுப்பது?

அரசு ஊழியர் எப்படி அரசை எதிர்த்துப் பேசுவார் என்பீர்கள். 1973 நடத்தை விதிகள் இருக்கின்றன, தெரியும். டாஸ்மாக் பற்றி ஒரு மாவட்ட சுகாதார அலுவலர் மேடையில் பேசுவார் என்று நானும் கனவு காணவில்லை. ஆனால் 'இந்த இந்தத் தெருவில், இத்தனை வாரமாகப் புழு, காரணம் வாட்டம் இல்லாதது' என்று மன்றக் கூட்டத்துக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்புவது எதிர்ப்பு ஆகுமா? அவர் சம்பளம் வாங்குவதே அதற்குத்தானே? கிராம சபையில் சுகாதாரத் துறைக்காரர்கள் எழுந்து நின்று டெங்கு பற்றி வாசிக்கிறார்கள். நீரைத் தேங்க விடாதீர்கள் என்று ஊர்மக்களுக்குச் சொல்கிறவர், அதே மூச்சில் 'பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி போட்ட ரோடு தண்ணியைத் தேக்குது, தீர்மானத்துல சேருங்க' என்று தலைவரைப் பார்த்தும் சொல்லலாம்.

எங்கள் கவுன்சிலரிடம் கேட்டேன். நல்ல மனுஷன், மறைக்கவில்லை. "அண்ணே, நான் வாயால சொன்னா இன்ஜினியர் சிரிப்பாரு. ஹெல்த்ல இருந்து எழுத்துல குடுத்தா மன்றக் கூட்டப் பொருள்ல வச்சிடலாம்." ஹெல்த்தில் கேட்டேன். மன்றத்தில் இருந்து கேட்டால் கொடுப்போம் என்றார்கள்.

நேற்று அந்த அம்மா வந்தார். அட்டையில் இடம் தீர்ந்துவிட்டது, புது அட்டை ஒட்டினார். நோட்டில் வடிகால் பற்றி எழுதிய வரிகளை மட்டும் ஒரு தாளில் தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "என் பேர் வராம இருந்தா தரேன் சார்" என்றார்.