சாமி அலமாரியில் ஒரு மீன் எண்ணெய் டப்பா

எங்கள் பெரியப்பா வீட்டு அடுக்களைக்குள் முட்டைகூட நுழைந்ததில்லை. திருநெல்வேலி டவுணில், நெல்லையப்பர் கோவில் மணி காதில் விழும் தூரத்தில் வீடு. தெருவில் யாராவது கருவாடு வறுத்தால் பெரியம்மா ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாம்பிராணி போடுவாள். அந்த வீட்டில், சாமி அலமாரியில், திருநீற்றுச் சம்புடத்துக்குப் பக்கத்தில் இரண்டு வருஷமாக ஒரு மீன் எண்ணெய் டப்பா இருந்தது.

பெரியப்பாவுக்கு அடைத்த இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு டெக்சாஸில் இருக்கும் அண்ணன் அனுப்பியது. "மீனாச்சே பெரியப்பா" என்றேன். "ஏல, இது மருந்துல்லா. மருந்துக்கு ஏது தோஷம்" என்றார். காலையில் குளித்து, திருநீறு பூசி, ஒன்றை விழுங்கிவிட்டுத் தேவாரத்துக்கு உட்காருவார். இரண்டாவது பதிகத்தில் ஏப்பம் வரும். அதன் வாடையை நான் எழுத வேண்டியதில்லை, போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதுவரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. போன மாதம் அவருடைய மாத்திரைப் பெட்டியை ஒழுங்குபண்ண உட்கார்ந்தேன். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்தது, பிரஷருக்குக் கொடுத்தது எல்லாம் கணக்காகக் குறைந்திருந்தன. ராத்திரி போட வேண்டிய அட்டார்வாஸ்டாட்டின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை, அது மட்டும் நாலு அட்டை பிரிக்காமல் கிடந்தது. கேட்டால், "அத நிப்பாட்டி ஆறு மாசம் ஆச்சு. கால் உளையுது. அதுவும் கொழுப்புக்கு, இதுவும் கொழுப்புக்கு. இது இயற்கைல்லா?" என்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். ஸ்டென்ட் வைத்தவருக்கு டாக்டர் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பது எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பை. மீன் எண்ணெய் அதைக் குறைக்காது. அது குறைப்பது டிரைகிளிசரைடு என்ற வேறொரு கொழுப்பை. அதற்கும் மீன் எண்ணெயின் முக்கியச் சரக்கான ஒமேகா-3 என்ற கொழுப்பு நாளைக்கு 2 முதல் 4 கிராம் வரை உள்ளே போக வேண்டும். பெரியப்பா டப்பாவின் முன்பக்கம் 1000 மில்லிகிராம் என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் திருப்பிக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஒமேகா-3 வகைகளான இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120. ஆக, சரக்கு 300தான். மீதி மீனின் மற்றக் கொழுப்பு. நம் ஊர்ப் பால்காரருக்கே இவ்வளவு தைரியம் வராது.

மீன் எண்ணெய்க்கு இதயத்துக்கு நல்லது என்ற பெயர் சும்மா வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1970களில் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் பாங், டயர்பெர்க் இருவரும் கிரீன்லாந்துக்குப் போய், கடல் உணவே கதியென்று வாழும் இனுயிட் மக்களின் ரத்தக் கொழுப்பை அளந்தார்கள். பேச்சு அங்கே தொடங்கியது. இத்தாலியில் மாரடைப்பு வந்து பிழைத்த 11,000 பேருக்கு மேல் வைத்து நடந்த ஜிஸ்ஸி ஆய்வு 1999இல் வெளிவந்தது. ஒமேகா-3 எடுத்தவர்களில் சாவு குறைந்தது. ஆனால் அது ஸ்டாட்டின் இன்றுபோலப் பரவாத காலம். 2018இல் வந்த அசெண்ட் ஆய்வில் 15,480 சர்க்கரை நோயாளிகள். பாதிப் பேருக்கு மீன் எண்ணெய், பாதிப் பேருக்கு ஆலிவ் எண்ணெய். ஏழு வருஷத்துக்கு மேல் பார்த்ததில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வந்தது மீன் எண்ணெய்க்காரர்களில் 8.9 சதவீதம், ஆலிவ் எண்ணெய்க்காரர்களில் 9.2. இதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது. அதே வருஷம் வைட்டல் ஆய்வு, 25,871 பேர். அதிலும் பெரிதாக ஒன்றுமில்லை.

"ரெட்யூஸ்-இட் ஆய்வு இருக்கிறதே" என்று யாராவது வருவீர்கள். இருக்கிறது. சுத்திகரித்த இ.பி.ஏ. மட்டும், நாளைக்கு 4 கிராம், ஸ்டாட்டின் எடுத்தும் டிரைகிளிசரைடு இறங்காதவர்களுக்கு. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஆபத்து 25 சதவீதம் குறைந்தது. ஒப்பிடக் கொடுத்த மினரல் ஆயில் சரிதானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 2020இல் ஸ்ட்ரெங்த் ஆய்வு இ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் சேர்த்து அதே 4 கிராம் கொடுத்துப் பார்த்து, பலனில்லை என்று பாதியில் நிறுத்தியது. இரண்டிலுமே இதயம் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு கொஞ்சம் கூடியது. அதனால் அந்த அளவெல்லாம் டாக்டர் எழுதிக் கொடுத்துச் சாப்பிட வேண்டியது, அண்ணன் பார்சலில் அனுப்புவது இல்லை. ஒன்றைக் கவனியுங்கள்: ரெட்யூஸ்-இட்டிலும் ஸ்டாட்டினோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். ஸ்டாட்டினை நிப்பாட்டிவிட்டு மீன் எண்ணெய் குடி என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

ஆபீசில் என் பக்கத்து மேசை அண்ணாச்சி கடற்கரை ஊரான உவரிக்காரர். வாரத்தில் இரண்டு நாள் தூக்குச்சட்டியில் சாளைக் குழம்பு (சாளை என்றால் மத்தி மீன்). 100 கிராம் சாளையில் ஏறக்குறைய ஒரு கிராம் ஒமேகா-3 இருக்கும், சீசனுக்குத் தக்கக் கூடும் குறையும். வாரம் இரண்டு தடவை மீன் என்பதுதான் அமெரிக்க இதயச் சங்கமும் சொல்வது. (பொரித்தது கணக்கில் சேராது, அண்ணாச்சி.) அவர் சாளை சாப்பிடும் அன்றைக்கு அந்த இடத்தில் பரோட்டாவும் சால்னாவும் இல்லை. பாதிப் பலன் அதிலேயே வந்துவிடும் என்பது என் கட்சி. மீன் எண்ணெய் மாத்திரை எதன் இடத்திலும் உட்காராது. பெரியப்பா விஷயத்தில் உட்கார்ந்த ஒரே இடம், உட்காரவே கூடாத இடம்.

எங்களைப் போன்ற சைவக்காரர்களுக்கு ஆளி விதை, வால்நட் உண்டு. ஆனால் அதிலுள்ள ஒமேகா-3 உடம்புக்குள் இ.பி.ஏ.யாக மாறுவது சொற்பம். மீனுக்கே அந்தச் சத்து கடல் பாசியிலிருந்துதான் வருகிறது. அந்தப் பாசியிலிருந்தே நேரடியாக எடுத்த எண்ணெயும் கடையில் விற்கிறது. வேண்டும் என்றால் அது. கட்டாயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம், பெரியப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். எல்.டி.எல். 142. எழுபதுக்குக் கீழே இருக்க வேண்டியவர். கால் உளைச்சலைச் சொன்னதும் டாக்டர் திட்டவில்லை, வேறு ஸ்டாட்டினைக் குறைந்த அளவில் எழுதினார். இதை ஆறு மாசத்துக்கு முன்பே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். டப்பா இப்போது அலமாரியில் இல்லை. பெரியம்மா அதைக் கழுவி மிளகு போட்டு வைத்திருக்கிறாள்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் வீட்டில் சொல்லவில்லை. அந்த மீன் எண்ணெய் மாத்திரையின் வழவழப்பான மேலுறை ஜெலட்டின். மாடு, பன்றி, மீன் இவற்றில் ஏதாவது ஒன்றின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. பெரியப்பா முகநூலில் இல்லை. இருக்கிற சொந்தக்காரர்கள் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.