பெட்டியின் மேல் அந்தத் தேதி எங்கே?

மாத்திரை அட்டையின் பின்புறம் காலாவதித் தேதி இருக்கிறது. கைப்பேசிப் பெட்டியில் கேமராவின் மெகாபிக்சல் இருக்கிறது, பேட்டரியின் கொள்ளளவு இருக்கிறது, திரையின் அங்குலக் கணக்கு இருக்கிறது. மென்பொருளின் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டுவரை வரும் என்ற ஒரே ஒரு வரியை மட்டும் காணோம். விற்பவரைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு புன்னகைதான் பதில்.

இப்போது பொருளின் ஆயுளை முடிவு செய்வது அதன் உள்ளே இருக்கும் உதிரிபாகம் அல்ல, எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சர்வர், அதாவது நிறுவனத்தின் சேவைக் கணினி. ரிவால்வ் என்றொரு சாதனம் இருந்தது. வீட்டு விளக்கு, கதவுப் பூட்டு, அலாரம் எல்லாவற்றையும் ஒரே செயலியில் இணைக்கும். வாழ்நாள் சந்தா உண்டு என்று சொல்லித்தான் விற்றார்கள். 2014இல் அந்த நிறுவனத்தைக் கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை அணைத்தது. பழுதே இல்லாத சாதனங்கள் அன்றே வெறும் பிளாஸ்டிக் டப்பாக்கள் ஆயின. யாருடைய வாழ்நாள் என்று வாங்கியவர்கள் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டுமோ என்னவோ!

கணினிகளை இயக்கும் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பத்தாண்டு ஆதரவு குறைவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு உறுத்துவது வேறு. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் குறிப்பிட்ட தலைமுறை பிராசசரும் வேண்டும். நன்றாக ஓடும் எத்தனையோ கணினிகள் அந்த ஒரு நிபந்தனையால் கழித்துக் கட்டப்படும் நிலைக்கு வந்துவிட்டன. சிறிது கால நீட்டிப்பு கொடுத்திருக்கிறார்கள். அது தள்ளிப்போடுவதே தவிர தீர்வு அல்ல.

இதை நிறுவனங்களின் பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். பாதி உண்மைதான். மறுபாதி, நிரல் எழுதிப் பிழைக்கும் எங்கள் துறையின் குணம். புதிய அம்சம் ஒன்றைக் கொண்டுவந்தவருக்கு மேடை, பதவி உயர்வு, கைதட்டல். பழைய நிரலில் ஓட்டையை அடைத்தவருக்கு அடுத்த டிக்கெட், அதாவது அடுத்த பழுதுப் புகார். நான்காண்டுக்கு முந்தைய மாடலுக்குப் பாதுகாப்பு பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தம், தயாரிப்பது சலிப்பூட்டும் வேலை. பழைய சில்லை இயக்கும் டிரைவர் மென்பொருள் வேண்டும், சில்லு தயாரித்தவர் ஒத்துழைக்க வேண்டும், எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். இவ்வளவு செய்தும் ஒரு பைசா புதிய வருமானம் வராது. எனவே அந்த வேலை பட்டியலின் அடியிலேயே கிடக்கும்.

இணையத்தின் அடித்தளமே இப்படித்தான் நிற்கிறது. 2014இல், இணையத் தகவலைப் பிறர் படிக்காதபடி மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டது. வங்கி முதல் மின்னஞ்சல் வரை உலகமே நம்பியிருந்த அந்த நிரலை முழுநேரமாகக் கவனித்துக்கொண்டவர் ஒரே ஒருவர் என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. பத்தாண்டு கழித்தும் நாம் பெரிதாகத் திருந்தவில்லை. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரலைத் தனி ஆளாகப் பராமரித்துக் களைத்துப்போன ஒருவருக்கு, உதவ வந்தவர்போல் ஒரு ஆசாமி மெல்ல நெருங்கினார். ஏறக்குறைய இரண்டாண்டு பொறுமையாக நல்ல நிரல்களை அனுப்பி நம்பிக்கையைச் சம்பாதித்தார். பிறகு லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் சர்வர்களுக்குள் நுழையும் கள்ளக்கதவு ஒன்றைச் சொருகினார். 2024 மார்ச்சில் அதைப் பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர். எப்படிப் பிடித்தார் தெரியுமா? சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டார்! அந்த அரை விநாடியை அவர் அலட்சியப்படுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. கோடிக்கணக்கில் இலாபம் பார்க்கும் நிறுவனங்கள் பயன்படுத்தும் நிரலுக்குக் காவல் ஒரு களைத்த மனிதர் என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இந்த நிலையில் செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதித் தருகிறது. நானும் பயன்படுத்துகிறேன், வேகம் உண்மைதான். ஆனால் எழுதுவது மலிவாகிவிட்டதே தவிர, படித்துப் புரிந்துகொண்டு பத்தாண்டு கட்டிக்காப்பது மலிவாகவில்லை. இணையம் வழியே தரவை அனுப்பிப் பெறும் கர்ல் என்ற கருவியைப் பல்லாண்டுகளாகப் பராமரித்துவரும் டேனியல் ஸ்டென்பெர்க், செயற்கை நுண்ணறிவு புனைந்த போலிப் பாதுகாப்புப் புகார்கள் தங்கள் நேரத்தைத் தின்பதாக வெளிப்படையாகவே குமுறியிருக்கிறார். ஆட்கள் அதே சிலர்தான். அவர்கள் மேல் விழும் சுமை மட்டும் மலையாகிறது.

சட்டம் மெதுவாகவாவது நகர்கிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் சாதனங்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் எதுவரை என்று தயாரிப்பவர் அறிவித்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் கைப்பேசிகளுக்குக் குறைந்தது ஐந்தாண்டு அப்டேட் கேட்கிறது. அந்த ஐந்தாண்டு, மாடல் விற்பனையை நிறுத்திய நாளிலிருந்து தொடங்குகிறது. இது மிக நல்ல ஏற்பாடு, ஏனென்றால் ஏமாற்றம் நிகழ்வதே அங்கேதான். வெளியாகி மூன்றாண்டான மாடலைத் தள்ளுபடியில் வாங்குபவருக்கு, கடிகாரம் ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. தன் பிக்சல் 8 கைப்பேசிக்கு ஏழாண்டு அப்டேட் என்று கூகுள் 2023இல் அறிவித்தது, சாம்சங்கும் அடுத்த ஆண்டே தன் உயர்ரக மாடல்களுக்கு அதையே சொன்னது. மலிவு மாடல்கள் பலவற்றுக்கு அவ்வளவு நாள் இல்லை. அதிக நாள் வைத்துப் பயன்படுத்துபவர்கள் அவற்றை வாங்குகிறவர்கள்தானே?

'எந்த நிறுவனமும் காலமெல்லாம் சர்வரை ஓட்ட முடியாது' என்று சிலர் சொல்வார்கள். சரி, ஓட்ட வேண்டாம். மூடும்போது சாவியை, அதாவது மென்பொருளின் மூலநிரலை, கொடுத்துவிட்டுப் போகலாமே? பெபிள் என்ற ஸ்மார்ட் கைக்கடிகாரத்தின் கதையைப் பாருங்கள். 2016இல் நிறுவனம் மூடப்பட்டு, சொத்துகள் ஃபிட்பிட் என்ற நிறுவனத்துக்குப் போயின. 2018இல் சர்வர்களும் நின்றன. பயனர்களே ரெபிள் என்ற பெயரில் மாற்றுச் சேவையைக் கட்டி, கடிகாரங்களைச் சாகவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். பின்னர் உரிமை கூகுளிடம் வந்தது. அது 2025 ஜனவரியில் பெபிளின் மூலநிரலை வெளியிட்டது. சில வாரங்களிலேயே பெபிளை உருவாக்கியவர் அதே மென்பொருளில் புதிய கடிகாரங்களை அறிவித்தார். மூலநிரலை 2018இலேயே கொடுத்திருந்தால், இடையில் அந்தத் தன்னார்வலர்கள் இவ்வளவு மன்றாடிப் போராட வேண்டியிருந்திருக்காது.