இதோ, பத்து நிமிஷம்தான்!

மலை ஏறுகிறவனிடம் பொய் சொன்னால் பாவம் சேராது என்று நம் ஊரில் யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. அந்த ஆள் கையில் கிடைத்தால் சித்திரை வெயிலில், உச்சி நேரத்தில், தண்ணீர் கொடுக்காமல் திருவண்ணாமலைப் பக்கத்துப் பர்வதமலையில், பாறையில் செருகி வைத்திருக்கும் கடப்பாறையில் தொங்கவிட வேண்டும்.

தமிழ்ப் புத்தாண்டு விடுமுறையில் அந்த மலைக்குப் போனோம். தொடை வலி போய்விட்டது. கோபம் போகவில்லை.

ஆரம்பித்து வைத்தது என் மச்சான். "மாமா, மேப்புல பாத்துட்டேன், ரொம்பப் பக்கம். காலைல ஏறி எறங்கி மதியச் சாப்பாட்டுக்குத் திருவண்ணாமலைல உக்காந்துடலாம்" என்றான். மேப்பில் பார்த்தானாம். உச்சி சுமார் 4,500 அடி. தென்மாதிமங்கலம் அடிவாரத்திலிருந்து ஏற வேண்டிய உயரம் மட்டும் 3,500 அடிக்கு மேல் வரும். போன் திரையில் அது விரல்கடை தூரம்தான், ஒத்துக்கொள்கிறேன். திரையில் படுக்கப்போட்ட மலையைப் பார்த்துவிட்டு நிற்கிற மலைக்குக் கணக்குப் போடுகிறவனை என்ன செய்வது?

மலையில் நேரத்தைத் தூரத்தை வைத்து மட்டும் எண்ணக்கூடாது. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு எளிய கணக்குச் சொன்னார். மூன்று மைல் நடைக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதுவும் நன்றாக நடக்கிறவனுக்கு, குளிர் நாட்டில். நாங்கள் நல்ல நடைக்காரர்களும் இல்லை, அது ஸ்காட்லாந்தும் இல்லை. போளூரில் பொங்கல், வடை, இரண்டாவது காபி எல்லாம் முடித்து முதல் படியில் கால் வைத்தபோது மணி ஒன்பது பத்து. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. மச்சானின் நண்பன் எழுந்திருக்கவே ஆறு ஆனது. "அக்னி நட்சத்திரமே இன்னும் தொடங்கல, என்ன வெயில்?" என்று கேட்டான் அந்த மகராசன். வெயில் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டா அடிக்கும்?

வண்டியில் ஐந்து லிட்டர் கேன் ஒன்று இருந்தது. "எதுக்கு மாமா வெயிட்டு, சீக்கிரம் வந்துடப் போறோம்" என்று அதை வண்டியிலேயே விட வைத்தான். நானும் விட்டேன். என் புத்தியை என்ன சொல்ல. நான்கு பெரியவர்கள், கூட அக்கா மகன், பதின்மூன்று வயது. மொத்தம் ஒரு லிட்டர் பாட்டில் ஐந்து.

சரி, படிகள் முடிந்து கரடுமுரடான கல் பாதை ஆரம்பித்தது. இனிதான் விஷயம்.

பத்து இருபதுக்கு முதல் கூட்டம் எதிரே இறங்கி வந்தது. "அண்ணா, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று பையன் கேட்டான். "பாதி வந்துட்டீங்க தம்பி!" எல்லோருக்கும் சந்தோஷம். பதினொன்று ஐந்துக்கு ஒரு பெரியவர், நெற்றி நிறைய விபூதி: "இதோ, பத்து நிமிஷம்தான். அந்தத் திருப்பம் தாண்டினா கோயில் தெரியும்." திருப்பம் தாண்டினோம். இன்னொரு திருப்பம் தெரிந்தது. பதினொன்று நாற்பதுக்கு மூன்று இளவட்டங்கள், கழுத்தில் தொங்கும் ஸ்பீக்கரில் பாட்டு அலற, சொன்னார்கள்: "பாதி வந்துட்டீங்க ப்ரோ!"

எண்பது நிமிடம் ஏறிய பிறகு மறுபடியும் பாதி!

இதைச் சொன்னால், "ஒரு ஊக்கத்துக்குச் சொல்றாங்க, இதையெல்லாம் பெருசு பண்ணாதீங்க" என்கிறார்கள். பெரிதுபண்ணத்தான் போகிறேன். ஏனென்றால் மலையில் ஒருவன் தண்ணீரை எப்படிக் குடிக்கிறான்? மிச்சம் இருக்கிற நேரத்தை வைத்துத்தான். இரண்டு மணி நேரம் என்றால் வாயை நனைத்துவிட்டு மூடி வைப்பான். பத்து நிமிடம் என்றால் கவிழ்த்துக் குடித்துவிடுவான். விபூதிப் பெரியவர் சொன்ன பத்து நிமிடத்தை நம்பி, என் பாட்டிலில் கடைசியாக இருந்ததைப் பையனிடம் கொடுத்து, "குடிச்சிடுடா, வந்தாச்சு" என்றேன். அரை மணி நேரம் கழித்து அவன் ஒரு பாறையில் உட்கார்ந்து, பேசாமல் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் ஓயாத பிள்ளை. உதடு வெள்ளை பூத்திருந்தது. அக்காவிடம் என்ன பதில் சொல்வது என்றுதான் என் மண்டைக்குள் ஓடியது.

அந்த வழியில் உண்மை பேசியது ஒரே ஒரு ஆள். தார்ப்பாய் கட்டி, மோரும் எலுமிச்சை ஜூஸும் தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்த ஒரு அம்மா. பையனைப் பார்த்ததுமே உப்புப் போட்ட மோரை அவன் கையில் திணித்துவிட்டு என்னைத் திட்டினார். "இந்த நேரத்துக்கா புள்ளைய இட்டுனு வருவ? இங்கேர்ந்து இவன் நடைக்கு ஒன்றரை மணி நேரம் ஆவும். கடப்பாறை எல்லாம் காஞ்சி கெடக்கும். துண்ட நனச்சி எடுத்துனு போ." காலையிலிருந்து கேட்ட முதல் நேர்மையான வாக்கியம். கீழே இருபது ரூபாய்க்கு விற்ற பாட்டில் அவரிடம் நாற்பது. மச்சானின் நண்பன் பேரம் பேச ஆரம்பித்தான், "எம்ஆர்பி பாருங்க" என்று. அந்தத் தண்ணீரைத் தலையில் வைத்து ஒருவர் தூக்கி வந்திருக்கிறார் ஐயா! நான் அதட்டியதில் அவன் வாயை மூடினான். யோசித்துப் பார்த்தால் அந்த விலைதான் மலையில் இருந்த ஒரே ஒழுங்கான மைல்கல். உயரத்துக்கு ஏற்றபடி சரியாக ஏறியிருந்தது.

இதே மலையைச் சங்ககாலத்தில் நவிரம் என்று சொல்லியிருக்கிறார்கள். மலைபடுகடாம் என்ற சங்கப் பாட்டில், நன்னன் என்ற மன்னனிடம் பரிசு வாங்கித் திரும்புகிற கூத்தன், எதிரே வருகிற கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். எங்களுக்கு எதிரே இறங்கி வந்தவர்களைப் போலவே அவனும் எதிரே வந்தவன்தான். அவன் என்ன சொல்கிறான்? பன்றிக்கு வைத்த பொறி இருக்கிறது, இருட்டில் போகாதீர்கள், விடிந்ததும் போங்கள். குழிகளில் பாம்பு ஒடுங்கியிருக்கும். புனம் காப்பவன் விடும் கவண்கல் பறந்து வரும், பார்த்துப் போங்கள். வழி கேட்டால் வழியில் என்ன இருக்கிறது என்று சொல்லும் பழக்கம் நமக்கு இருந்திருக்கிறது. எப்போது தொலைத்தோம்?

கடப்பாறைப் பகுதிக்கு வந்தோம். செங்குத்தான பாறையில் துளை போட்டு இரும்பைச் செருகியிருக்கிறார்கள், பிடித்துக்கொள்ளச் சங்கிலி. வெயில் ஏறிய இரும்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கேஸ் அடுப்பின் மேல் தட்டைத் தெரியாமல் தொட்டால் கை தானாகப் பின்னால் வருமே, அப்படி. ஆனால் இங்கே கையைப் பின்னால் எடுத்தால் ஆளே பின்னால் போவான். அந்த அம்மா சொன்ன ஈரத்துண்டைச் சங்கிலியில் சுற்றிச் சுற்றிப் பிடித்து ஏறினோம். ஐந்தாறு பிடிக்குள் துண்டு காய்ந்துவிட்டது. இந்த அழகில் எங்களுக்கு மேலே ஒரு தம்பி நடுக் கடப்பாறையில் நின்று ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு கையில் சங்கிலி, ஒரு கையில் போன். கீழே முப்பது பேர் பல்லிபோல ஒட்டிக்கொண்டு நிற்கிறோம். "ஒரு டேக் ப்ரோ" என்றான். அவனுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அதுவும் சிவன் கோயிலுக்குப் போகிற வழி.

ஒன்று ஐம்பதுக்கு மேலே போய்ச் சேர்ந்தோம். மல்லிகார்ஜுனரைக் கும்பிட்டோம். காற்று நன்றாக இருந்தது, அதை மறுக்கவில்லை. பையன் நிழலில் படுத்துக்கொண்டு ஒரு முழு பாட்டிலைக் காலி செய்துவிட்டு, "மாமா, குரங்கு பாரு" என்று பேச ஆரம்பித்தான். எனக்கு அதுதான் தரிசனம்.

இறங்கும்போது மணி மூன்று இருக்கும். பாதி மண்டபத்துக்குக் கீழே ஒரு குடும்பம் ஏறிக்கொண்டிருந்தது. இடுப்பில் கைக்குழந்தை, கையில் ஒரே ஒரு அரை லிட்டர் பாட்டில், அதிலும் கால்வாசிதான். அந்த வீட்டுக்காரர் மூச்சு வாங்க என்னிடம் கேட்டார்: "சார், இன்னும் எவ்ளோ தூரம்?"

"உங்க நடைக்கு ரெண்டு மணி நேரம் ஆகும் சார். எறங்கறதுக்குள்ள இருட்டிடும். இந்தத் தண்ணி பத்தாது. குழந்தைய வச்சிக்கிட்டு வேண்டாம், திரும்பிடுங்க" என்றேன்.

அந்த மனுஷர் என்னை முறைத்தார். "நல்ல வார்த்தையா நாலு சொல்லுவீங்கன்னு பாத்தா, சாமி மலைல நின்னு அபசகுனமா பேசுறீங்களே?" என்றார். அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குப் பின்னால் வந்த மச்சான், சிரித்த முகமாக அவர்கள் பக்கம் குனிந்து சொன்னான்:

"அவர் கெடக்கிறாரு, நீங்க ஏறுங்கண்ணா. இதோ, பத்து நிமிஷம்தான்."