முதலில் புல்லை நடுவோமே

போன வருஷம் எங்கள் அலுவலகத்தில் மரம் நடக் கூட்டிக்கொண்டு போனார்கள். கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணிநேரம். மூடிவிட்ட கருங்கல் குவாரி ஒன்றின் கழிவுத் தூளையும் உதவாத கல்லையும் கொட்டி வைத்திருந்த ஐந்தாறு ஏக்கர் நிலம். பச்சை டீசேர்ட், பெனர், சோற்றுப் பார்சல், எதற்கும் குறைவில்லை. 200 கன்று. வேம்பு, மருது, மஹோகனி. பகல் பன்னிரண்டுக்குள் நட்டு முடித்து, படமும் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டோம். அந்தப் படத்தை நானும் இங்கே போட்டேன். உங்களில் பலர் லைக்கும் போட்டீர்கள்.

எட்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் ஒரு கலியாண வீட்டுக்குப் போனபோது இறங்கிப் பார்த்தேன். உயிரோடு நின்றது பதினொன்று. செத்த கன்று ஒன்றைப் பிடித்து இழுத்தேன், பலமே தேவைப்படவில்லை, கையோடு வந்தது. வேர் நாற்றுப் பையின் வடிவம் மாறாமல் சுற்றிச் சுற்றி முறுக்கிக் கிடந்தது. வெளியே ஒரு விரற்கடைகூடப் போகவில்லை. அன்றைக்கு அலவாங்கால் இடித்து இடித்துத் தோண்டினோமே குழி, அது இறுகிய கல்தூளுக்குள் ஒரு சட்டி மாதிரி இருந்திருக்கிறது. மழைக்குத் தண்ணீர் தேங்கி வேர் அழுகும், வெயிலுக்குச் சட்டியோடு வேகும்.

ஆனால் ஓரத்தில், காற்றடித்த சருகு வந்து சேரும் வடிகான் பக்கத்தில், இலுக்குப் புல் தானாக முளைத்து இடுப்பளவு நின்றது. அதற்கு யாரும் பெனர் கட்டவில்லை.

பொகவந்தலாவைத் தோட்டமொன்றில் கங்காணியாக இருந்த மாமா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது இதைச் சொன்னேன். சிரித்தார். "ஏன்டா தம்பி, பழைய தேயிலையப் பிடுங்கின மலையில மறுநாளே கன்னு வைப்பாங்களா? மானாப்புல்லு, இல்லாட்டி குவாத்தமாலாப் புல்லு. ரெண்டு வருஷம். வெட்டி வெட்டி அங்கேயே போடணும். அப்புறம்தான் தேயிலை." தேயிலை ஆராய்ச்சி நிலையம் சொல்வதும் இதைத்தான். களைத்துப்போன மண்ணுக்கே இவ்வளவு பொறுமை வேண்டுமென்றால், உயிரே இல்லாத கல்மாவுக்கு நாங்கள் கொடுத்தது அரை நாள்.

இத்தனைக்கும் குவாரித் தூள் சாது. உலோகச் சுரங்கக் கழிவு வேறு ரகம். தாதுக் கல்லை மாவாக அரைத்து, வேண்டியதை எடுத்துவிட்டு, மீதியைத் தண்ணீரோடு அணை கட்டித் தேக்குவார்கள். அதில் மக்கிய இலைதழை இல்லை, தழைச்சத்து இல்லை, வேருக்குத் துணைபோகும் பூஞ்சணமும் இல்லை. பைரைட் என்னும் கந்தகக் கனிமம் இருந்தால் காற்றும் மழையும் பட்டுக் கந்தக அமிலம் ஊறும், அந்த அமிலம் ஈயம், செம்பு போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு ஓடும். கோலார் தங்கவயலில் நம் தமிழ்ச் சனம் தலைமுறை தலைமுறையாக இறங்கி வேலை செய்த சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. சயனைட் போட்டுத் தங்கம் பிரித்த கழிவு மேடுகள் மட்டும் ஊருக்கு நடுவே இன்னும் நிற்கின்றன. காற்றுக் காலத்தில் அந்தத் தூசு வீட்டுக்குள் வருகிறது.

அப்படிப்பட்ட இடத்தில் மாமரமும் முருங்கையும் நட ஆசைப்படுவது எனக்குப் பயமாகவே இருக்கிறது. வெட்டிவேர் போன்ற புல் வகைதான் முதலில் போக வேண்டும். வேர் மூன்று மீட்டர் வரை இறங்கி மண்ணைப் பிடிக்கும். உலோகத்தில் பெரும்பகுதியை வேரிலேயே வைத்துக்கொள்ளும், இலைக்குக் கொஞ்சம்தான் ஏறும். இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் பிராட்ஷோ செய்ததும் எளிமையான காரியம்தான். பழைய சுரங்கக் கழிவு மேட்டில் எந்தப் புல் தானாக முளைத்துத் தாக்குப்பிடிக்கிறது என்று பார்த்து, அதிலிருந்து விதைக்கான ரகங்களைத் தெரிந்தெடுத்தார். என் கான் ஓரத்து இலுக்கும் அதே பாடத்தைத்தான் சொன்னது, நான்தான் தாமதமாகக் கேட்டேன்.

பச்சையாகிவிட்டால் பயமில்லை என்றும் நினைக்காதீர்கள். வேல்ஸ் நாட்டு அபர்ஃபானில் 1966 ஒக்டோபர் 21 அன்று நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. செத்த 144 பேரில் 116 பேர் பிள்ளைகள். மேட்டுக்கு அடியில் ஊற்று ஓடியது. உள்ளே தண்ணீர் நின்றால் மேலே முளைத்த புல் என்ன செய்யும்? 2017 சித்திரைப் புத்தாண்டன்று மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்ததைப் பார்த்த கொழும்புக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காசு விஷயத்துக்கு வருவோம். நம் நாட்டில் இரத்தினக்கல் அகழ உரிமம் எடுப்பவர் குழியை மூடுவதற்கென்று வைப்புப் பணம் கட்ட வேண்டும். நல்ல ஏற்பாடு. என்னைக் கேட்டால், எல்லாச் சுரங்கத்துக்கும் குவாரிக்கும் அப்படி ஒரு தொகை வாங்கி, மூன்றாவது மழைக்காலத்திலும் புல் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே திருப்பிக் கொடுக்க வேண்டும். தோண்டும் முன் வழித்தெடுத்த மேல்மண்ணை விற்றுவிடாமல் ஓரமாகக் குவித்து வைத்தாரா என்றும் பார்க்க வேண்டும். பாதிச் சீவன் அந்த மண்ணில்தான் இருக்கிறது.

இந்த வருஷமும் மரம் நடும் அறிவித்தல் வந்துவிட்டது. கன்று வேண்டாம், மானாப்புல்லும் வைக்கோலும் ஏற்றிப் போவோம் என்று எழுதிப் போட்டேன். "புல்லை வைத்துப் படம் எடுத்தால் என்ன தெரியும்?" என்று பதில் வந்தது, பகிடியாக அல்ல. சரி, கால் ஏக்கர் மட்டும் எங்களுக்கு விடுங்கள் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். மாமா இரண்டு சாக்குப் புல் பஸ்ஸில் அனுப்புகிறார். வைக்கோலும் தும்புத் தூளும் மலிவாக எடுக்க இடம் தெரிந்தவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.