எல்சி3-2 பட்டை தடிப்பது மட்டும் போதாது

"குளோரோகுயின் போட்டதும் எல்சி3-2 பட்டை தடித்தது, ஆகவே அது தன்விழுங்கலைத் தூண்டுகிறது" என்று மேலே எழுதிய தம்பிக்கு: வெஸ்டர்ன் பிளொட் படம் சரி, முடிவு தலைகீழ். தன்விழுங்கல் (autophagy) என்பது கலம் தன் பகுதிகளையே பையில் அடைத்துச் சிதைப்பது.

எல்சி3-2 (LC3-II) தன்விழுங்கு பையின் சவ்வில் ஒட்டியிருக்கும் புரதம். பை, சிதைக்கும் நொதிகள் உள்ள இலைசோசோமுடன் இணைந்தால் உள்ளே உள்ள பங்கு சிதைந்துவிடும். குளோரோகுயின் அந்த இணைப்பையே மறிக்கிறது. பைகள் தேங்கும், பட்டை தடிக்கும். சீனன்குடா எண்ணெய்க் குதத்துக்கு வெளியே பவுசர்கள் நீண்டு நின்றால் விநியோகம் கூடிவிட்டதென்றா சொல்வோம்? வாசல் பூட்டியிருக்கலாமே.

பார்க்க வேண்டியது ஓட்டத்தை, அதாவது பைகள் உருவாகிச் சிதைந்து முடிவதை. நாலு கிணறு வையுங்கள்: கட்டுப்பாடு, கட்டுப்பாடும் பாஃபிலோமைசினும், மருந்து, மருந்தும் பாஃபிலோமைசினும். பாஃபிலோமைசின் இலைசோசோமில் சிதைவதை நிறுத்தும் பொருள்; 100 நனோமோலார், கடைசி 2 முதல் 4 மணித்தியாலம் மட்டும். அதற்கு மேல் விட்டால் கலம் சாகத் தொடங்கும், பிறகு எதை அளக்கிறோம் என்றே தெரியாது. பாஃபிலோமைசின் சேர்த்ததும் எல்சி3-2 இன்னும் ஏறினால் ஓட்டம் உண்டு. ஏறாவிட்டால் உங்கள் மருந்தே பாதையை அடைத்திருக்கலாம். தன்விழுங்கலில் சிதையும் பி62 புரதத்தையும் பாருங்கள், அடைப்பு என்றால் அதுவும் குவியும்.

இன்னொன்று: எல்சி3-2ஐ எல்சி3-1ஆல் (அதே புரதத்தின் சவ்வில் ஒட்டாத வடிவம்) வகுக்காதீர்கள், ஒப்பீட்டுக்கு எடுக்கும் அக்டின் புரதத்தால் வகுங்கள். எல்சி3-1 உறைய வைத்து உருக்கினாலே சிதையும். எல்சி3-2, எல்சி3-1 இரண்டும் முறையே 14, 16 கிலோடால்ற்றனில் ஓடும் சின்னப் புரதங்கள்; 15 வீத ஜெல்லும் 0.2 மைக்ரோன் துளையுள்ள பிவிடிஎஃப் சவ்வும் எடுங்கள். 0.45இல் ஒரு பகுதி ஊடுருவிப் போய்விடலாம், பிறகு முதற்பிறபொருளெதிரியைத் திட்டிப் பயனில்லை.