நடைவண்டி வேறு, வாக்கர் வேறுங்க

"ஒரு வயதில் நடக்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று பிள்ளைகளின் வளர்ச்சி பற்றிய உங்கள் கட்டுரையில் போட்டிருப்பதைப் படித்துவிட்டு எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம் நாலு பேராவது பதறியிருப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்து 2006இல் வெளியிட்ட கணக்குப்படி, துணையில்லாமல் நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். நூற்றுக்கு நாலு பிள்ளைகள் முட்டிபோட்டுத் தவழவே இல்லை. 18 மாதம் தாண்டியும் நடக்கவில்லை, அல்லது செய்துகொண்டிருந்ததைத் திடீரென விட்டுவிட்டது என்றால்தான் உடனே காட்ட வேண்டும்.

அப்புறம் கட்டுரையோடு போட்டிருந்த அந்த வாக்கர் (குழந்தையை உட்காரவைக்கும் சக்கரச் சட்டம்) படம். அதில் உட்கார்ந்த குழந்தை நுனிக்காலால் உந்தித் தள்ளுகிறது; உடம்பைத் தாங்குவது துணி இருக்கைதான், கால் இல்லை. கனடாவில் 2004லேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். நம்மூர் மூன்று சக்கர மர நடைவண்டி அப்படியில்லை. நிற்கத் தெரிந்த பிள்ளைதான் அதைத் தள்ள முடியும், எடையைத் தன் காலிலேயே சுமக்கும். வழுக்கும் டைல்ஸில் மட்டும் வேண்டாம். வாசல் மண்தரைதான் அதற்குச் சரி.

விரல் வேலையைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். என் பேத்திக்கு அவள் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) தட்டில் நாலு பொரியைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். முதலில் உள்ளங்கையால் வாரிய பிள்ளை, பத்தாம் மாதத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒவ்வொன்றாய்ப் பொறுக்கியது. நிலக்கடலை மட்டும் கொடுத்துவிடாதீங்க, தொண்டையில் சிக்கும்.

பதின்வயதில் திடுதிப்பென்று உயரும் பையன்கள் கொஞ்ச நாள் தடுமாறுவதைப் பற்றியும் எழுதுங்கள்.